தீரர் சத்தியமூர்த்தி

சென்னைக்கு வடக்கே, எண்ணூரை அடுத்து, கொற்றலையாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் ஒன்று உண்டு. ஆறு கடலிற் புகும் வாயிலை முகத்துவாரம் என்பது வழக்கு. அதுவே ஊருக்கும் பெயராயிற்று. கொசத்தலையாறு என்றும் இவ்வாற்றை வழங்குவர். முகத்துவாரத்திற்குச் சற்று வடக்கே 2001ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெரிய துறைமுகம், 2014 முதல் காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆற்றின் வழியே மேற்கு நோக்கிச் செல்வோமாயின், திருவள்ளூரை அடுத்த பூண்டியில் அகன்று கிடக்கும் நீர்த்தேக்கம் ஒன்றைக் காணலாம். அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகரம். ஓர் ஆற்றின் மேற்பகுதியில் ஆசானின் பெயரும் அதன் கடைவாயிலில் மாணாக்கரின் பெயரும் விளங்குமாறு எவரும் திட்டமிட்டுச் செய்தாரல்லர், தானே அமைந்தது. காமராசர் தம் அரசியல் ஆசானாகக் கொண்ட சத்தியமூர்த்தி பொறியியல் கற்றவரல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். அவர் வாழ்நாள் முழுவதும் கையாண்ட முதல், அவருடைய நா ஒன்றே.

சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள், அந்நாளில் தனி மன்னராட்சியின்கீழ் இருந்த புதுக்கோட்டையைச் சார்ந்த திருமெய்யத்தில் பிறந்தார். தந்தையார் சுந்தர சாத்திரியார் வழக்குரைஞர். இளமையிலேயே தந்தையை இழந்த சத்தியமூர்த்தி, குடும்பப் பொறுப்பையும் கல்வியையும் ஒருங்கே தாங்க வேண்டியவரானார். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டமும் கற்று வழக்குரைஞரானார். புகழ்பெற்ற வழக்குரைஞரும் காங்கிரசுத் தலைவருமாகிய எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகியபோதே அரசியலும் பழகினார்.

நீதிமன்றமும் கல்லூரியும் மட்டுமே அவருக்குப் பேச்சுப் பயிற்சி தந்தன என்று கருதுதல் பொருந்தாது. பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டில் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் சத்தியமூர்த்தியும் உறுப்பினர், மேடையேறி நடித்தவர். கற்றோர் நாடக மேடையை இழிவாக எண்ணிய காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் எட்டுமாறு சொல்லை நிறுத்தி வெளியிடுதல், உணர்ச்சிக்கேற்பக் குரலை ஏற்றியும் இறக்கியும் பேசுதல், பேசாமல் நிற்க வேண்டிய இடத்தில் நின்று அவையினரைக் காத்திருக்கச் செய்தல் ஆகியவை நடிகனுக்கு இன்றியமையாதவை. அரசியல் மேடையில் அவை அவருக்குப் பெரிதும் துணைநின்றன. ஒலிபெருக்கி பரவாத அந்நாளில், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலே, ஒருபுறம் அலை இரைய, மறுபுறம் காற்று வீச, ஆயிரக்கணக்கானோர் செவிகளை ஒரு தனி மனிதன் குரல் எட்டவேண்டுமென்றால் அஃது எளிய செயலன்று.

அக்காலத்து மேடையின் நிலையையும் ஈண்டு அறிதல் வேண்டும். தொடக்கத்தில் காங்கிரசுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. படித்தோர் படித்தோரிடம் பேசிக் கலைந்தனர். ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்ற சிலர் தமிழிற் பேசத் துணிந்தனர். 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய தமிழ்ச் சொற்பொழிவுகள் ஆலைத் தொழிலாளரை எழுப்பின. அரசு அவ்விருவரையும் சிறையிலிட்டது. தமிழிற் பேசுதலின் வலிமையை முதலில் நன்குணர்ந்தது அரசே போலும்! பின்னர், 1918ஆம் ஆண்டில் வடசென்னையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே திரு. வி. கலியாணசுந்தரனார் தம் செந்தமிழால் புதியதொரு மேடை மரபை வகுத்தார்.

தமிழின் தூய்மையிலும் இனிமையிலும் திரு. வி. க.வோடு சத்தியமூர்த்தியை ஒப்பிடல் இயலாது. சத்தியமூர்த்தியின் தமிழ் வடசொற்கள் மிக்கது; புலவர் போற்றும் நடையன்று. எனினும், மக்கள் திரளைப் பிணிப்பதில் அவருக்கு நிகரானோர் அவருடைய கட்சியில் மிகச் சிலரே. அவர் வாதத்தை வழக்குமன்றத்து முறையில் அடுக்குவார், கேள்வியாகவே தொடுப்பார், விடையைக் கேட்போர் வாயிலிருந்தே வருவிப்பார். எதிர்க்கட்சியாரை நகையாடுவதில் வல்லவர். நகைச்சுவை அளவு கடந்து, சுடுசொல்லாக மாறியதும் உண்டு. ஆங்கிலத்திலும் அதே வேகம், அதே கூர்மை. 1919ஆம் ஆண்டில் மாண்டேகு-செம்சுபோர்டு சீர்திருத்தங்களைப் பற்றிக் காங்கிரசின் கருத்தை எடுத்துரைக்க இங்கிலாந்துக்குச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்திரண்டு.

1923 முதல் 1930 வரை சென்னைச் சட்டமன்றத்தில் சுயராச்சியக் கட்சியின் சார்பில் அவர் பணியாற்றினார். 1928ஆம் ஆண்டில் பாரதியார் பாடல் நூல்களை அரசு பறிமுதல் செய்தபோது, அதனைக் கண்டித்துச் சட்டமன்றத்தில் அவர் நிகழ்த்திய போர் என்றும் நினைக்கத்தக்கது. பாரதியார் மறைந்து ஏழாண்டுகளே ஆகியிருந்தன. அக்கவிஞருடைய பாடல்கள் தமிழ்நாட்டில் இல்லந்தோறும் ஒலிப்பதற்கு அன்று வாதாடியவருள் சத்தியமூர்த்தி முன்னின்றார்.

அதே சட்டமன்றத்தில், அதே நாவன்மையை அவர் வேறொரு பக்கத்திலும் செலவிட்டார். இளம்பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் முயன்றபோது, இசையும் நடனமும் அழிந்துபோகும் என்று கருதிச் சத்தியமூர்த்தி எதிர்த்து வாதாடினார். கலைகள் அழியவில்லை, வழக்கம் ஒழிந்தது. அம்மையார் கண்ட நீதியை அவர் காணாமற் போனது வருந்தத்தக்கதே.

1930ஆம் ஆண்டில் சட்டமறுப்பு இயக்கம் எழுந்தது. சட்டமன்றத்தை விட்டு வெளியேறிய சத்தியமூர்த்தி சிறை சென்றார். மீண்டும் மீண்டும் சென்றார். பின்னர் 1934ஆம் ஆண்டில் காங்கிரசு தன் போக்கை மாற்றி, மத்தியச் சட்டசபைத் தேர்தலில் ஈடுபட முடிவு செய்தது. சென்னை நகரத் தொகுதிக்குச் சத்தியமூர்த்தி வேட்பாளரானார். வேட்பாளரை அபேட்சகர் என்று அந்நாளில் வழங்கினர்.

அவரை எதிர்த்து நின்றவர் எளியவரல்லர். நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவராகிய ஆற்காடு இராமசாமி முதலியார், சத்தியமூர்த்தி பிறந்த அதே 1887ஆம் ஆண்டிலே பிறந்தவர்; அதே கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர்; அவரும் வழக்குரைஞரே. 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கியவர். ஆங்கில நாவன்மையில் அவருக்கு இணையானோர் அரியர். பின்னாளில் 1946ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் பொருளாதார சமூக மன்றத்திற்கு முதல் தலைவராக அமர்ந்து உலகப் புகழ் பெற்றவரும் அவரே. இவ்விருவரும் சென்னை நகரில் மோதியது, இரண்டு கட்சிகளின் போர் மட்டுமன்று. இருவகைச் சொல்லாற்றலின் போரும் ஆகும். முதலியாருடைய பேச்சு அளந்து செதுக்கியது. அறிவுடையார் மன்றத்தில் ஒளிவிடுவது. சத்தியமூர்த்தியினுடையது தெருமுனையையும் கடற்கரையையும் அறிந்த பேச்சு.

அத்தேர்தலில் வாக்களித்தவர் எத்துணையர் என்பதை இன்றைய மாணவர் அறிந்தால் வியப்பெய்துவர். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வழங்கப்பெற்றது விடுதலைக்குப் பின்னரே. 1934ஆம் ஆண்டில் மத்தியச் சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமை இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கே இருந்தது. சொத்தும் வரியும் உடையவரே வாக்காளர். இராயபுரத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கிய தொழிலாளிக்கும், பெரம்பூரில் தறியோட்டிய தொழிலாளிக்கும், எண்ணூர்க் கடலிற் கட்டுமரம் செலுத்திய மீனவனுக்கும் அவ்வுரிமை எட்டாக்கனியாகவே இருந்தது. ஆயினும், சத்தியமூர்த்தி பேசிய இடமெல்லாம் மக்கள் வெள்ளம் திரண்டது. வாக்கே இல்லாதவன் தேர்தற் கூட்டத்துக்கு ஏன் வரவேண்டும்? தான் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வந்ததாக அவன் எண்ணவில்லை. தன் நாட்டைத் தன்னுடையதாகச் சொல்லும் குரலைக் கேட்க வந்தான். வாக்காளர் சிலராகவும் கேட்போர் பலராகவும் அமைந்த அத்தேர்தலில், அப்பலருடைய ஆர்வமே அச்சிலரையும் அசைத்தது எனலாம்.

சத்தியமூர்த்தி வென்றார். நீதிக்கட்சிக்கு அது பெருந்தோல்வியின் தொடக்கம். அதே தேர்தலில், மத்தியச் சட்டசபையின் தலைவராக இருந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் தோல்வியுற்றார்.

தில்லி சென்ற சத்தியமூர்த்தி, அங்குக் காங்கிரசுக் கட்சியின் துணைத் தலைவரானார். தலைவர் பூலாபாய் தேசாய். வினா நேரத்தில் அமைச்சர் நிலையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளை அவர் துணைவினாக்களால் மடக்கிய திறம் வடநாட்டிலும் பேசப்பட்டது. எனினும், அவருடைய உள்ளம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. 1936ஆம் ஆண்டில் அவர் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானபோது, விருதுநகரிலிருந்து வந்த காமராசர் செயலாளரானார். முன்னவர் பட்டமும் ஆங்கிலமும் நாவன்மையும் உடையவர். பின்னவர் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர், மிகக் குறைவாகப் பேசுபவர். பேசத் தெரிந்தவர், பேசாமல் வேலை செய்யத் தெரிந்தவரைத் தம் துணையாகத் தேர்ந்தார்.

அடுத்த ஆண்டில் வந்தது மாகாணத் தேர்தல். 1935ஆம் ஆண்டின் சட்டப்படி மாகாணங்களில் வாக்காளர் தொகை சுமார் 70 இலட்சத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்டது. புதிய வாக்காளருட் பலர் எழுதப் படிக்க அறியாதவர். அவர்கள்பொருட்டு வண்ணப் பெட்டிகள் வைக்கப்பெற்றன. காங்கிரசுக்கு அமைந்தது மஞ்சள் நிறம். மங்கலத்துக்கு உரிய நிறத்தை எதிரியிடமிருந்து ஒரு சொல்லும் செலவிடாமற் பெற்றதுபோல் ஆயிற்று. மஞ்சட் பெட்டி என்னும் பெயர் சிற்றூர்களிலெல்லாம் பரவியது.

அத்தேர்தலிலே சத்தியமூர்த்தி தம் குரலோடு மற்றொரு குரலையும் மேடைக்குக் கொணர்ந்தார். நாடக உலகில் இணையற்றுப் பாடிவந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையார், 1933ஆம் ஆண்டின் இறுதியில் தம் கணவர் எஸ். ஜி. கிட்டப்பாவை இழந்து, வெண்ணிற ஆடை உடுத்து, மேடையைத் துறந்து ஒதுங்கியிருந்தார். அவரை மீண்டும் பாட இசையுமாறு வேண்டியவர்களுள் சத்தியமூர்த்தி ஒருவர். நடிகரைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்தவர் எதிர்க்கட்சியில் மட்டுமன்றி அவருடைய கட்சியிலும் இருந்தனர். இளமையில் வேடமிட்டு மேடையேறிய அவருக்கு அவ்விகழ்ச்சி பொருளாகத் தோன்றவில்லை. அம்மையார் பாட, சத்தியமூர்த்தி பேச, ஊர்கள் விழாக்கோலம் பூண்டன. அரசியல் மேடையிலே கலைஞர் ஏறிய வழி தமிழ்நாட்டில் பின்னர் எத்துணை அகன்றது என்பதை எல்லாரும் அறிவர். அதனைத் தொடக்கத்தில் செப்பனிட்டவர் இவரே. சுந்தராம்பாள் அம்மையாரும் 1951ஆம் ஆண்டில் சட்ட மேலவை உறுப்பினரானார்.

சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு கைப்பற்றியது. அவ்வெற்றியின் மறுபக்கம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத் தொகுதி சத்தியமூர்த்திக்கே உரியது என்று கருதப்பட்டிருந்தது. அரசியலினின்று ஒதுங்கியிருந்த இராசாசியை மீண்டும் அழைத்துவர வேண்டிய நிலை எழுந்தபோது, சத்தியமூர்த்தி அத்தொகுதியை அவருக்கு விட்டுக்கொடுத்தார். இராசாசி அங்கு நின்று வென்று, 1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் முதலமைச்சரானார். காங்கிரசு பதவியேற்றல் வேண்டும் என்று, கட்சிக்குள் எதிர்ப்பு மிகுந்திருந்தபோதே, இடைவிடாது வாதாடி வந்தவர் சத்தியமூர்த்தி. கட்சி பதவியேற்றது, அவருக்குப் பதவி இல்லை. அமைச்சரவையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. ஊர் ஊராகச் சென்று தொண்டை வறளப் பேசி வாக்குச் சேர்த்தவர், மீண்டும் தில்லிக்குப் புகைவண்டி ஏறி, மத்தியச் சட்டசபையில் தம் இருக்கையில் அமர்ந்தார். உள்ளத்தில் வருத்தம் இல்லாமலிராது. ஆயினும் கட்சியைவிட்டு அவர் விலகவில்லை.

1940ஆம் ஆண்டில் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவர் தேர்தலில் கோவை சி. பி. சுப்பையாவை எதிர்த்துக் காமராசர் நின்றார். சத்தியமூர்த்தி காமராசர் பக்கம் நின்று உழைத்தார். மூன்றே வாக்கு மிகுதியால் காமராசர் வென்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தமக்குச் செயலாளராயிருந்தவர் தலைவராகிய அக்குழுவில், சத்தியமூர்த்தி செயலாளராக அமர்ந்தார். ஆசான் மாணாக்கருக்குக் கீழே பணிபுரிய இசைந்தது பலருக்குப் புதுமையாகத் தோன்றியது.

இதற்குச் சற்று முன்னர், 1939ஆம் ஆண்டின் இறுதியில், அவர் சென்னை மாநகராட்சியின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அஃது ஓராண்டுப் பதவி. ஆணையிடும் அதிகாரமோ சிறிது. அத்துடன் காலமும் இடர்மிக்கது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகியிருந்தன. மாகாணம் ஆளுநரின் நேராட்சியில் இருந்தது. நகரமோ நீருக்கு ஏங்கியது. புழல் ஏரி ஒன்றையே பெரிதும் நம்பியிருந்த சென்னையில், மழை பொய்த்தால் குழாய்கள் வறண்டன. கொற்றலையாற்று வெள்ளம் ஆண்டுதோறும் பூண்டியைக் கடந்து, எண்ணூரில் வீணே கடலிற் கலந்தது.

அவ்வாற்றைப் பூண்டியில் மறித்துத் தேக்கி, கால்வாய் வழியே புழலுக்குக் கொணர்தல் என்னும் திட்டத்தை நிறைவேற்றச் சத்தியமூர்த்தி முனைந்தார். போர்க்காலத்தில் பணமும் பொருளும் அரிது. அரசின் இசைவோ அதனினும் அரிது. எந்த ஆட்சியை எதிர்த்து வாழ்நாளெல்லாம் முழங்கினாரோ, அந்த ஆட்சியின் ஆளுநரிடமே நகர மக்களின் தாகத்துக்காக அவர் பேசவேண்டியிருந்தது. இம்முறை கடற்கரை முழக்கம் உதவாது. கைதட்ட ஒருவரும் இல்லை. கணக்கையும் அளவையும் முன்வைத்துப் பொறுமையாகப் பேசுதலே வேண்டும். அதனையும் அவர் செய்தார். 1940ஆம் ஆண்டில், ஆளுநர் ஆர்தர் ஓப் காலத்தில், பூண்டியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. அவர் ஆற்றிய சொற்பொழிவுகளுள் எதனினும் பயன் மிக்கது, ஒருவரும் திரண்டு கேளாத இந்தப் பேச்சே.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பம்பாயில் கூடிய காங்கிரசு, வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதிற் கலந்துகொண்டு திரும்பிய சத்தியமூர்த்தி கைது செய்யப்பெற்றார். தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அவரைக் கொண்டுசென்றனர். அந்நெடும்பயணத்தில் அவருடைய முதுகெலும்பு ஊறுற்றது. முன்னமே நலிந்திருந்த உடல், அதன்பின் தேறவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அகவை ஐம்பத்தைந்து. விடுதலை வருவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

பூண்டி அணை வேலை போருக்கிடையிலும் நில்லாது நடந்து, 1944ஆம் ஆண்டில் நிறைவுற்றது. திறப்பு விழாவிலே பேசுவோர் பலர் இருந்தனர், அவர் இல்லை. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1996ஆம் ஆண்டு முதல் ஆந்திர நாட்டிலிருந்து வரும் கிருட்டிணை நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. அங்கிருந்து கால்வாயில் இறங்கிச் சோழவரத்தையும் புழலையும் அடைந்து, வாக்குரிமை இல்லாமலே அவர் பேச்சைக் கேட்க வந்தவர்களின் பேரர் வாழும் தெருக்களுக்கு அந்நீர் குழாய் வழியே செல்கிறது.